தெரிந்தவர்கள் தூக்கும் கை

"தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கை எழும்பாது. ஆபீஸில் ஒரு தடவை யூனியன் கூட்டத்தில் ஓட்டெடுப்புக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நான் எழுந்து கக்கூஸ் பக்கம் போய்விட்டேன். மேனேஜரின் ஆள் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். என் கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர்களுக்கு என்ன தெரியும்?

அறுபத்து மூன்றில் நான் பத்தாம் வகுப்பு. தாராவியிலிருந்து நடந்து, ரயில் பாதையைத் தாண்டி, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். வகுப்பில் பாதி மாட்டுங்கா, பாதி தாராவி. மாட்டுங்காப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆபீஸில் இருந்தார்கள், எங்கள் அப்பாக்கள் பட்டறையில். என் அப்பா பூதத்தான், சோப்புப் பட்டறையில் கொழுப்புக் காய்ச்சுகிறவர். அம்மா ஆறுமுகத்தாய் அதே பட்டறையில் சோப்புக் கட்டிகளைப் பழைய பேப்பரில் பொதிகிறவள். சோப்புக்குப் போடுகிற காஸ்டிக் சோடா அரித்து அரித்து அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வைக்கப் போனபோது வெறும் மைத் திட்டுதான் விழுந்தது. குமாஸ்தா அதைப் பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டிச் சிரித்தான்.

இங்கிலீஷுக்கு வெங்கடராமன் சார். மூக்குப்பொடி போடுவார். பொடி போட்ட விரலைக் கோட்டின் உள்பக்கம் துடைப்பார், கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் எதிரே கிடக்கும் நோட்டில் துடைப்பார். ஜம்புவின் நோட்டு பூராவும் பழுப்பு ரேகை. ஜம்பு மாட்டுங்காக்காரன், அவன் அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. என் நோட்டில் ஒரு பழுப்புப் புள்ளிகூடக் கிடையாது. ஏனென்றால் சார் என் நோட்டைத் தொடமாட்டார். பக்கத்தில் கொண்டு போனாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அங்கேயே பிடிச்சுக்கோ. திருப்பு. இன்னும் திருப்பு" என்பார். தூரத்திலிருந்தே பென்சிலை நீட்டி ஒரு டிக் போடுவார்.

"என்ன நாத்தம்டி இது! பொணத்தைக் காய்ச்சறாளா உங்காத்துல?"

எங்கள் ரூமில் கொழுப்பு வாடை அடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அப்பாவின் சட்டையில் இருக்கும், பாயில் இருக்கும், நோட்டில் இருக்கும். ஆனால் மூக்கிலிருந்து ஒழுகுகிறதைப் பிள்ளைகள் நோட்டில் தேய்க்கிற மனுஷன் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துவதா? த்தூ! அப்போதெல்லாம் வாய்க்குள்ளேதான் துப்பிக்கொள்வேன்.

அவர் பாடம் நடத்துகிற லட்சணத்தையும் சொல்லவேண்டும். இங்கிலீஷ் எட்டாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஆரம்பித்தது. மூன்றாவது வருஷமே வேர்ச்சொல். ஸ்பெக்ட் என்றால் பார்த்தல், போர்ட் என்றால் சுமத்தல், டிக்ட் என்றால் சொல்லுதல். நூற்றைம்பது வேர். பிரம்பால் மேஜையைத் தட்டுவார், நாங்கள் கோரஸாகக் கத்தவேண்டும். சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வகுப்பில் ஒருத்தருக்கும் வராது. பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரி வழி கேட்டதற்கு ஜம்பு பேந்தப் பேந்த முழித்ததை என் கண்ணாலே பார்த்தேன். நூற்றைம்பது வேரும் அவன் வயிற்றுக்குள்தான் கிடந்தன. நிறுத்தக்குறிக்கு அவர் வைத்திருந்த சட்டம் அதைவிட மோசம். கமாவுக்கு ஒன்று எண்ணு, செமிகோலனுக்கு ரெண்டு, புல்ஸ்டாப்புக்கு நாலு. வாசிக்கும்போது விரலை மடக்கி எண்ணவேண்டும். எண்ணி முடிப்பதற்குள் வாக்கியம் செத்துப்போகும்.

எனக்கும் சுயம்புவுக்கும் வேறு வாத்தியார் கிடைத்தது. சோப்புப் பொதிகிற பேப்பர்.

சுயம்பு என் வகுப்பு. எங்கள் சந்திலேயே எதிர் ரூம். அவன் அப்பாவும் எங்கள் பட்டறைதான். பட்டறைக்கு ரத்தி என்கிற பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வரும், இங்கிலீஷ் பேப்பர்தான் கனம் என்று அதையே வாங்குவார்கள். சாயங்காலம் அம்மாவுக்கு உதவி என்று போய் உட்கார்ந்து, பேப்பரைக் கட்டி அளவுக்குக் கிழித்துக் கொடுப்போம். கிழிப்பதற்கு முன்னால் படிப்போம். சீனாச் சண்டை, கிரிக்கெட், கல்யாண விளம்பரம், எது கையில் வந்தாலும் சரி. எனக்கு வார்த்தைகள் பிடிக்கும். சுயம்புவுக்குக் குறிகள் பிடிக்கும். எறும்பு வரிசையைப் பார்க்கிற மாதிரி குனிந்து கமாக்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் திடீரென்று என் தோளில் இடித்தான். "ஏட்டி வடிவு, சாரு சொல்லுதது பொய்யி. இது மூச்சு எண்ணுதுக்கு இல்ல. இங்க பாரு, இந்தக் கமாவும் அந்தக் கமாவும் சோடி. நடுவுல இருக்கத அப்படியே தூக்கிட்டாலும் மிச்சம் நிக்கி பாத்தியா?"

விரலை வைத்து மறைத்துக் காட்டினான். நின்றது! எடுத்து எடுத்துப் பார்த்தோம். இருபது வாக்கியமாவது இருக்கும், எல்லாம் நின்றது. சாரிடம் ஆறு மாதம் எண்ணியும் விளங்காதது ஒரு சோப்புக் கட்டிப் பேப்பரில் விளங்கிவிட்டது. அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரித்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே கவலை. பதினொன்றாம் வகுப்பில், எஸ்.எஸ்.சி.க்கு இங்கிலீஷ் எடுத்தும் எழுதலாம், எடுக்காமலும் எழுதலாம். எடுக்காதவனுக்குக் காலேஜ் கிடையாது, ஆபீஸ் கிடையாது. பாஸ் பண்ணிய சர்ட்டிபிகேட்டை ரூம் சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். யார் எடுப்பது, யார் எடுக்கக்கூடாது என்று பத்தாவதிலேயே தீர்மானம் பண்ணுகிறவர் வெங்கடராமன் சார். அப்பா வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டார்.

"இங்கிலீசு கெடைச்சாப் படி. கெடைக்கலேன்னா வர்ற சூன் மாசம் ஒங்கம்மா பக்கத்துல ஒக்காந்து சோப்புப் பொதி. சும்மா பதினொண்ணு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?"

சுயம்புவின் வீட்டிலும் அதே பேச்சு. அவனுக்குக் கொழுப்புக் காய்ச்சுகிற கொப்பரை காத்திருந்தது.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே பேதி கண்ட மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். சார் எங்களுக்குக் கைப்பயிற்சி ஆரம்பித்தார்.

"இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். ஒருத்தன் பாக்கியில்லாம தூக்கணும். தெரிஞ்சவா வலது கை, தெரியாதவா இடது கை. நான் வலது கையாப் பாத்துக் கூப்பிடுவேன். பாக்கறவனுக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான்."

சரி, கேள்விக்குக் கேள்வி மாற்றித் தூக்கவேண்டும்போல என்று நினைத்தேன். அப்படியும் இல்லை. பேர் வாசித்தார். ஜம்பு வலது. ஷ்யாமளா வலது. நாகலக்ஷ்மி வலது. இன்னும் ரெண்டு பேர், அவர்களும் மாட்டுங்கா. "மத்தவா எல்லாம் இடது" என்று நோட்டை மூடினார்.

பதினைந்து நாள் தினமும் ஒத்திகை. சார் பிரம்பால் தட்டுவார், முப்பத்தெட்டுக் கை மேலே போகும். இடது கை எங்கள் வீடுகளில் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசில் ஒரு விருந்தாளிக்கு இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டியதற்கு அம்மா என் மணிக்கட்டில் கரண்டியால் போட்டாள். அந்தத் தழும்பு இருக்கிற கையை நான் அந்தப் பதினைந்து நாளும் ஒரு வாத்தியாருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நின்றேன். பதில் தொண்டை வரை வந்து நிற்கும், கை மட்டும் எனக்குத் தெரியாது என்று சொல்லும். சீ, என்ன பிழைப்பு!

அதோடு விட்டாரா? ஒத்திகையின் கடைசியில் ஒரு நாள் சொன்னார். "இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு யார் வலது கையோ அவாளுக்குத்தான் அடுத்த வருஷம் இங்கிலீஷ். மத்தவா வீணா ஆசைப்படாதேங்கோ."

அன்று சாயங்காலம் நானும் சுயம்புவும் சார் வீட்டுக்குப் போனோம். மாட்டுங்காவில் ரெண்டாவது மாடி. அவர் சம்சாரம் அபயாம்பாள் மாமி கதவைத் திறந்தாள். ஈரக் கை, முழங்கை வரை நுரை. கதவிடுக்கில் பார்த்தேன், வாளிக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறைக் கட்டி, பாதி தேய்ந்து கிடந்தது. மூலையில் அம்மா பொதிந்த பேப்பர் சுருண்டு கிடந்தது. மாமி உள்ளே பார்த்து, "ஸ்கூல் கொழந்தேள் வந்திருக்கா, பாருங்கோ" என்றாள். சார் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். படிக்கட்டிலேயே நிறுத்திப் பேசினார்.

"எங்களுக்குத் தெரியும் சார். கேட்டுப் பாருங்க" என்றேன்.

கேட்டார். ஒரு டஜன் வேர் கேட்டார். மாற்றி மாற்றிச் சொன்னோம். படிக்கட்டுச் சுவரில் சாக்குக் கட்டியால் ஒரு வாக்கியம் எழுதி, குறி போடு என்றார். சுயம்பு போட்டான். சார் குனிந்து அந்தக் குறிகளைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று.

"போன வருஷம் தாராவிலேந்து ஏழு பேரை இங்கிலீஷ் எழுத விட்டேன். அஞ்சு பேர் பெயில். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு மானத்தை வாங்கினார். ஒங்களை நம்பி எம்பேரை நாறடிச்சுக்க முடியாது." பொடி டப்பாவைத் திறந்தார். "போறது, ஒண்ணு சேத்துக்கறேன். தாராவிலேந்தும் ஒரு கொழந்தை வலது கைன்னா இன்ஸ்பெக்டருக்கும் பாக்க நன்னா இருக்கும். நீயா அவனாங்கறதை நீங்களே பேசிண்டு, நாளன்னிக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி வந்து சொல்லுங்கோ. ஒண்ணுதான்."

கதவைச் சாத்திக்கொண்டார். நாய்க்கு எலும்பு போடுகிறவன்கூட ரெண்டு நாய் இருந்தால் ரெண்டு துண்டாக உடைத்துப் போடுவான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். சுயம்பு கல்லை உதைத்துக்கொண்டே வந்தான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்றான்.

"யாருன்னு நாம ஏன் சொல்லணும்? ரெண்டு பேருமே வலது கையத் தூக்குவோம். இன்ஸ்பெக்டரு முன்னால அவரு என்ன செஞ்சிருவாரு? ஒன்னக் கூப்பிட்டாலும் சரி, என்னக் கூப்பிட்டாலும் சரி. பதில் கேட்டப்புறம் வேண்டாம்னு சொல்லுவாரா?"

"கோவம் வந்து ரெண்டு பேரையுமே வெட்டிட்டாருன்னா?"

"வெட்டுனா வெட்டட்டும். ரெண்டு பேரும் சேந்து சோப்புப் பொதிவோம்" என்று சிரித்தான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அம்மாவின் விரல்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. ரெண்டு நாளும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு பிசையும்போது எரிகிறது என்று அவள் ஊதி ஊதிப் பிசைவாள். இப்போது இதைச் சொல்லி நான் சமாதானம் தேடுவதாக யாரும் நினைக்கவேண்டாம். சுயம்புவின் அம்மாவுக்கும் விரல்கள் இருந்தன.

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு நான் அரை மணி முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சார் புதுக் கோட்டில், வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், சுயம்பு விட்டுக்குடுத்துட்டான். நான்தான் வலது."

"பேஷ். அவன் ஒழுங்கா இடது கையைத் தூக்கிண்டு இருப்பானோல்லியோ? வம்பு கிம்பு பண்ணமாட்டானே?"

"பண்ணமாட்டான் சார்."

அப்புறம் வாசலுக்கு வந்து நின்றேன். சுயம்பு ஓட்டமும் நடையுமாக வந்தான். சட்டை துவைத்து, எண்ணெய் வழிய வழியத் தலை வாரியிருந்தான். நான் அவனைச் சுவர் ஓரமாக இழுத்தேன்.

"சுயம்பு, சாரு கையை மாத்திட்டாரு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இந்த இன்ஸ்பெக்டரு இந்த வித்தையக் கண்டுபிடிச்சுட்டாராம். அதனால இன்னைக்குத் தெரிஞ்சவுகதான் இடது கை. ரெண்டு பேரையுமே சேத்துக்கிடுதேன்னுட்டாரு."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? வழியெல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தேன். வாய் கொஞ்சங்கூடக் குழறவில்லை.

"நெசமாவா?" அவன் முகமெல்லாம் பல். "ரெண்டு பேருமா? நாந்தான் சொன்னேம்லா, வேண்டாம்னு சொல்லமாட்டாருன்னு. சாரு நல்லவருதான்டி!"

நான் சொன்னதை அவன் சரிபார்க்கவே இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. பையன்கள் பக்கம் கடைசி பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர். தடிமனான கண்ணாடி, சாந்தமான முகம். எல்லாம் இங்கிலீஷில்தான் பேசினார். முதல் கேள்வியே சிரித்துக்கொண்டு கேட்டார். "நான் யார்? இன்ஸ்பெக்டர். அந்த வார்த்தைக்குள்ளே என்ன வேர் இருக்கிறது?"

முப்பத்தெட்டுக் கை மேலே போயிற்று. நான் வலது கையைத் தூக்கினேன். முதல் தடவையாகத் தூக்கினேன், லேசாக இருந்தது. அதைச் சொல்லவே நாக்கூசுகிறது. சார் ஷ்யாமளாவைக் கூப்பிட்டார். ஸ்பெக்ட், பார்த்தல், உள்ளே பார்க்கிறவர் என்று அவள் கிளி மாதிரி ஒப்பித்தாள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். உள்ளே பார்க்கிறவராம்! கையை நேரே பார்த்திருந்தாலே போதும்.

அப்போது சுயம்பு பக்கம் திரும்பினேன், திரும்பாமல் இருக்க முடியவில்லை. அவன் ஷ்யாமளாவின் கையைப் பார்த்தான். ஜம்புவின் கையைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனின் கையைப் பார்த்தான். அப்புறம் என் கையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. கமாவைக் கண்டுபிடித்தவனுக்கு இது விளங்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்ஸ்பெக்டர் போர்டில் ஒரு வாக்கியம் எழுதினார். என் அப்பா, அவர் வயதானவர், புனாவில் இருக்கிறார் என்று அர்த்தம் வருகிற வாக்கியம். குறி ஒன்றும் போடவில்லை. ஜம்பு போய் விரலை மடக்கி எண்ணி, அப்பாவுக்குப் பின்னால் ஒரே ஒரு கமா போட்டுவிட்டு, கடைசியில் புள்ளி வைத்துவிட்டு வந்தான். "இன்னும் ஒன்று குறைகிறது. யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுபடி எல்லாக் கையும் போயிற்று. சுயம்பு இப்போது கையை மாற்றியிருக்கலாம். வலது கையைத் தூக்கியிருக்கலாம். அவனுடைய கேள்வி அது, அவனுக்கென்றே வந்த கேள்வி. அவன் மாற்றவில்லை. இடது கையையே தூக்கினான். கூரையைத் தொடுகிற மாதிரி விறைப்பாகத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

அந்த விறைப்பு இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டுவிட்டது. "அதோ, அந்தப் பையன்" என்று கையைக் காட்டினார்.

சாருக்கு வேர்த்துவிட்டது. இடது கை என்றால் தெரியாதவன் என்று அவரே கட்டிய கணக்கு. ஓடிப்போய் இன்ஸ்பெக்டர் காதுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. "அவன் திக்குவாய், சார். எழுந்தால் பேச்சே வராது, அழுதுவிடுவான். பாவம்."

இன்ஸ்பெக்டர் "அடடா" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். சுயம்புவுக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரிந்தது, அவன் புருவம் அசைந்ததில் தெரிந்தது. அவன் எழவில்லை. பேசவில்லை. கையையும் இறக்கவில்லை. நான் எழுந்து நின்று, இல்லை சார், அவன் நன்றாகப் பேசுவான், அந்த இரண்டாவது கமாவை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் வலது கை மேலேதான் இருந்தது.

"சண்முகவடிவு" என்று சார் கூப்பிட்டார்.

போனேன். சாக்குக் கட்டியை வாங்கி இரண்டாவது கமாவைப் போட்டேன். ஏன் அங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உள்ளங்கையை வைத்து ரெண்டு கமாவுக்கும் நடுவில் இருந்ததை மறைத்தேன். "இதை எடுத்துவிட்டாலும் மிச்சம் நிற்கும், சார்."

மனுஷன் அசந்துபோனார். இப்படி ஒரு விளக்கத்தை இந்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்கவில்லை என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார், "சோப் மானுபாக்சரர், சார்." பிணம் காய்ச்சுகிறவர் ஒரே நாளில் மானுபாக்சரர் ஆகிவிட்டார்.

"இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்டார்.

பின்னால் திரும்பாமலே எனக்குத் தெரியும், அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

"வெங்கடராமன் சார்" என்றேன்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே கலங்கிவிட்டது! என் தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். என் நோட்டைத் தொடாத கை. பொடி நாற்றம் குப்பென்று அடித்தது. வகுப்பு விட்டதும் குழாயடிக்குப் போய் ஓங்கரித்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

சுயம்பு அப்புறமும் ரெண்டு மாதம் பள்ளிக்கூடம் வந்தான். என்னோடு பேசவில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தானானால், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தானானால், எனக்குப் பேயாட்டம் அடங்கியிருக்கும். ஏப்ரலில் லிஸ்ட் வாசித்தார்கள். இங்கிலீஷுக்கு ஆறு பேர், ஆறாவது நான். சுயம்புவின் பேர் அதில் இல்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பாவாடை தாவணி எடுத்திருந்தோம். துவைத்துப் போடச் சோப்பு வாங்கி வா என்று அம்மா பட்டறைக்கு அனுப்பினாள், அவளுக்கு அன்றைக்கு ஜுரம். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கொப்பரைக்குப் பக்கம் மூச்சு முட்டுகிற வாடை. அம்மாவின் இடத்தில் சுயம்பு சம்மணம் போட்டு உட்கார்ந்து சோப்புப் பொதிந்துகொண்டிருந்தான். பட்டறை மேஸ்திரி ஜெயினுலாப்தீன் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பூதத்தான் மகளா? வா தாயி. இங்கிலீசுல படிக்கப் போறியாமுல்லா, ஒங்கப்பன் ஊரெல்லாம் சொல்லுதான். ஏல சுயம்பு, புள்ளைக்கு ரெண்டு கட்டி குடு."

சுயம்பு ஒரு பேப்பரை எடுத்தான். படிக்காமலே கிழித்தான். முன்னெல்லாம் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது பார்க்காமல் விடமாட்டான். ரெண்டு கட்டியையும் வைத்து மடித்தான். விரல் நுனிகள் வெளிறி, தோல் உரிய ஆரம்பித்திருந்தன. பொட்டலத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். மாற்றுவதை நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே மெதுவாக மாற்றினான். இடது கையால் என் முன்னால் நீட்டினான்.

பாய் துள்ளி எழுந்தார். "ஏல எடுபட்ட பயலே! பள்ளிக்கூடத்துக்குப் போற பொம்பளப் புள்ளைக்கு இடக்கையாலயா நீட்டுவ? அறிவிருக்கா ஒனக்கு?"

சுயம்பு கையை மடக்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் வைத்திருந்த மாதிரியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சவுக கை இதுதானாம் பாய். இந்தப் பிள்ளைதான் சொல்லிச்சு."

பாய் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வலது கையால்தான் வாங்கினேன்.